நாலு மீட்டர் குளத்தில் ஒரு காற்றுப் பஞ்சம்: நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் யாருக்கும் காயம் இல்லை. காற்றுச் சிலிண்டரின் வால்வைத் தவறாகத் திருப்பியவன் நான். இரண்டையும் கடைசிவரை ஒளித்துவைக்க இது துப்பறியும் கதை இல்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடலுக்குப் போவதற்கு முன்னால், சில மாதங்களாகத் தண்ணீர்ப் பக்கமே போகாத ஸ்கூபா டைவர்களுக்காக நடத்திய பயிற்சி அது. நீச்சல் குளத்தில் அவசரத் திறன்களை மறுபடி கைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். ஒரு பயிற்றுநர், உதவிக்கு நான், நான்கு டைவர்கள். நால்வரும் ஏற்கனவே சான்றிதழ் பெற்றவர்கள். குளத்தின் ஆழமான முனை 3.8 மீட்டர், ஆழம் குறைந்த முனை இடுப்பளவுக்குச் சற்று மேலே. வெதுவெதுப்பான, கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். இதைவிடப் பத்திரமான இடம் டைவிங்கில் கிடையாது என்று அன்று காலை யாராவது சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

சம்பவம் நடந்தது ஒரு ஜோடியிடம். ஒருவர் நூறு முறைக்கு மேல் டைவ் செய்தவர், ஆனால் ஒன்றரை வருடமாகத் தண்ணீரில் இறங்கவில்லை. அவரை மூத்தவர் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்கு மொத்தமே ஒன்பது டைவ். அவர் புதியவர்.

நீரில் இறங்கும் முன்

மூத்தவர் ஒழுங்கான ஆள். சிலிண்டர் வால்வை முழுவதும் திறந்தார், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரில் மூச்சு இழுத்துப் பார்த்தார், எவ்வளவு காற்று இருக்கிறது என்று அழுத்தத்தை வைத்துக் காட்டும் பிரஷர் கேஜைப் புதியவரிடம் காட்டினார். 190 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). நீரில் மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்டில் காற்று ஏற்றி இறக்கினார், எடைப் பட்டையின் கொக்கியைத் தொட்டுக் காட்டினார். கூட்டாளிகள் ஒருவரையொருவர் சோதிக்கும் சடங்கு முழுசாக நடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் வந்தேன்.

குளத்தின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். பழைய பழக்கம். உதவியாளராக நிற்கும்போது ஏதாவது செய்துகொண்டே இருக்கவேண்டும் என்ற அரிப்பு என்றும் சொல்லலாம். நான் கற்றுக்கொண்ட காலத்தில் வால்வை முழுக்கத் திறந்து, அப்புறம் கால் சுற்று பின்னால் திருப்பி வைக்கச் சொல்லித் தருவார்கள். அதைத்தான் செய்ய நினைத்தேன். முன்பக்கம் நின்று எட்டித் திருப்பியதால் திசை மாறிவிட்டது. கை திருப்பத் திருப்ப வால்வு சுற்றிக்கொண்டே போனது. இரண்டு சுற்றுக்கு மேல்.

இந்த இடத்தில் என் மனம் செய்த கணக்கைச் சொல்லியாக வேண்டும். முழுக்கத் திறந்த வால்வு என்றால் திறக்கும் பக்கம் அசையவே கூடாது. இது இவ்வளவு சுற்றுகிறதே, அப்படியானால் சரியாகத் திறக்காமலே உட்கார்ந்திருக்கிறார், நல்ல வேளை பார்த்தேன் என்று எனக்குள் ஒரு திருப்தி. தப்பு செய்துகொண்டிருந்த கையே, நான் சரி என்று எனக்குச் சாட்சி சொன்னது. வால்வு முட்டி நின்றதும் கால் சுற்று பின்னால் திருப்பினேன். "ஓகே சார், திறந்தாச்சு" என்று தோளில் தட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன். டைவிங்கில் கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போகலாம் என்று பொருள். மூத்தவர் அதைக் காட்டக்கூடாது என்று தெரிந்தவர், ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார்.

அதாவது முழுக்க மூடிய வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து, அவரைத் தண்ணீருக்குள் அனுப்பினேன்.

முதல் நாற்பது நிமிடம்

ஒன்றும் நடக்கவில்லை. இதுதான் இந்த நிகழ்வில் ரொம்பவும் யோசிக்க வைக்கிற பகுதி.

ஆழம் குறைந்த பகுதியில் மாஸ்க்கைக் கழற்றி, கண்ணைத் திறந்து ஒரு நிமிடம் மூச்சு விட்டு, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினார்கள். வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்து வீசிவிட்டு, வலது தோளைச் சாய்த்துக் கையை வட்டமாகச் சுழற்றித் தேடி எடுத்தார்கள். ஜாக்கெட்டில் காற்றேற்றும் பொத்தான் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று, இன்ஃப்ளேட்டர் குழாயைக் கழற்றிப் பழகினார்கள். காற்று இல்லை என்று கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டி, மஞ்சள் நிற உபரி ரெகுலேட்டரை வாங்கி மூச்சுவிடும் பயிற்சியை மண்டியிட்டு இரண்டு முறை செய்தார்கள். டைவர்கள் ஆக்டோபஸ் என்று சொல்வது இந்த மஞ்சள் ரெகுலேட்டரைத்தான். இரண்டு முறையும் நன்றாகவே நடந்தது. கால் சுற்று திறந்த வால்வு இரண்டு பேருக்கும் காற்று கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

கேஜில் முள் ஆடியிருக்கும். ஆனால் மூச்சு இழுக்கும் அந்த நொடியில் யாரும் கேஜைப் பார்ப்பதில்லை. எல்லோரும் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில்தான் பார்ப்போம், அப்போது முள் நேராகத்தான் நிற்கும்.

நாற்பத்தாறாவது நிமிடம்

ஆழமான முனையில் ஜோடிகள் மிதந்தபடி நீந்திக்கொண்டிருந்தார்கள். பயிற்சியின் பின்பாதியில் முன்னறிவிப்பு இல்லாமல் சிக்கல் கொடுப்பேன் என்று பயிற்றுநர் கரையிலேயே சொல்லியிருந்தார். அவர் புதியவரின் முன்னால் போய் எழுதுபலகையைக் காட்டினார்: காற்று இல்லை.

புதியவர் சைகை காட்டினார். மூத்தவர் ஒரு கணம் தடுமாறி ஆக்டோபஸைப் பிடுங்கிக் கொடுத்தார். மண்டியிட்டபோது தரை தாங்கிக்கொண்டது. இப்போது தாங்கத் தரை இல்லை. இரண்டு பேரும் கோத்த கையோடு கீழே போகத் தொடங்கினார்கள். அதை நிறுத்த மூத்தவர் இன்ஃப்ளேட்டரை அழுத்தினார். அதே கணத்தில் இருவரும் ஒன்றாக மூச்சு இழுத்தார்கள். ஒரே சிலிண்டரிலிருந்து ஒரே நேரத்தில் மூன்று இடத்துக்குக் காற்று போகவேண்டும்.

போகவில்லை. புதியவர் பிறகு சொன்னது: "இழுத்தேன், பாதி மூச்சு வந்தது. மறுபடி இழுத்தேன், சுவரை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது."

ஆக்டோபஸைத் துப்பினார், மூத்தவரின் கையை உதறினார், மேலே பாய்ந்தார். பக்கத்திலிருந்த பயிற்றுநர் அவர் ஜாக்கெட்டைப் பிடிக்கப் போனார், வாரின் நுனிதான் அகப்பட்டது. தலை மேலே வர மூன்று, நான்கு விநாடி ஆகியிருக்கும். மேலே வந்தவர் ஜாக்கெட்டில் காற்று ஏற்றவில்லை, எடையைக் கழற்றவில்லை. வாயை மேலே தூக்கிக் கைகளால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். நான் கரையிலிருந்து குதித்து அவர் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவருடைய சொந்த ரெகுலேட்டர் அவர் இடுப்புக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சிலிண்டரில் 90 பார் காற்று இருந்தது. அவருக்குக் காற்று இல்லாமல் போனது பயிற்சிக்கான பாவனையில் மட்டும்தான்.

தவறான முதல் முடிவு

மேலே வந்ததும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, ஆக்டோபஸ் கெட்டுப்போயிருக்கிறது. மூத்தவரே அப்படித்தான் நினைத்தார். ஏனென்றால் புதியவர் விலகியதும் அவருக்கு மூச்சு தாராளமாக வந்தது. கருவியை மூலையில் வைத்துவிட்டு வேறொன்றை மாட்டியிருந்தால், அந்த வால்வும் என் பழக்கமும் அடுத்த வாரம் கடலுக்குப் போயிருக்கும்.

பயிற்றுநர் அவசரப்படவில்லை. தண்ணீரிலேயே நின்றபடி மூத்தவரை இரண்டு ரெகுலேட்டரிலும் மாற்றி மாற்றி மூச்சு இழுக்கச் சொன்னார், கேஜைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் 80 பாரிலிருந்து சரிந்து, இழுப்பு நின்றதும் தள்ளாடி மேலே ஏறியது. எந்த ரெகுலேட்டரில் இழுத்தாலும் அதே ஆட்டம். வால்வில் கை வைத்தார். திறக்கும் பக்கம் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றியது. என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் தோளில் தட்டியது ஞாபகம் வந்தது.

புதியவரைக் கரையேற்றி உட்கார வைத்தோம். நெஞ்சு வலி, இருமல், வாயில் ரத்தம், குரல் மாற்றம், கழுத்துத் தோலுக்கு அடியில் நறநறவென்ற உணர்வு, கைகால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் என ஒவ்வொன்றாகக் கேட்டோம். எதுவும் இல்லை. ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து பக்கத்திலேயே வைத்திருந்தோம். இவற்றில் ஒன்று தெரிந்திருந்தாலும் படுக்கவைத்து, தூய ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை வசதியுள்ள மருத்துவமனையைத் தேடியிருப்போம். அன்றே மருத்துவர் ஒருவரும் பார்த்தார். அன்றைக்கு அவர் மறுபடி தண்ணீரில் இறங்கவில்லை.

நாலு மீட்டர்தானே என்ற நினைப்பு

மருத்துவர் வரைக்கும் போனது அதிகப்படி என்று குழுவில் ஒருவர் நினைத்தார். வெளியே சொல்லவும் சொன்னார். இந்த நினைப்பு டைவர்களிடம் பரவலாக உண்டு, அதனால் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.

ராபர்ட் பாயில் 1662-இல் சொன்ன விதிதான். அழுத்தம் குறைந்தால் அதே விகிதத்தில் வாயுவின் பருமன் கூடும். நீர்மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம். ஏறத்தாழ ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொன்று சேரும். 3.8 மீட்டரில் அழுத்தம் சுமார் 1.37 மடங்கு. அங்கே ஆறு லிட்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது எட்டு லிட்டருக்கு மேல் விரியப் பார்க்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் இல்லை.

இதே அளவு விரிவு ஆழ்கடலில் எப்போது வரும் தெரியுமா? 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால் 1.33 மடங்குதான். பத்து மீட்டர் ஏற்றத்தில் அங்கே நடப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இந்தக் குளத்தின் நாலு மீட்டரில் நடந்துவிடுகிறது. நுரையீரல் கிழிந்து காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போவதற்கு ஆழம் தேவையில்லை. ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து மூச்சைப் பிடித்து எழுந்தவர்களுக்கே அது நேர்ந்திருக்கிறது. ஸ்கூபா கற்பவருக்கு முதல் நாளே சொல்லப்படும் விதி, மூச்சை ஒருபோதும் பிடிக்காதே என்பது. அந்த விதி முதலில் பொருந்துவதே குளத்துக்குத்தான்.

புதியவர் மேலே வரும்போது மூச்சை வெளியே விட்டதாக அவருக்கு நினைவில்லை. அவரைக் காப்பாற்றியது திறமை இல்லை. இழுக்கக் காற்று கிடைக்காததால் நுரையீரல் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. எந்தக் கோளாறு அவரைத் துரத்தியதோ அதுவே அவருக்குக் கேடயமாகவும் ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு முழு மூச்சு கிடைத்த பிறகு காற்று நின்றிருந்தால்? அதை நான் இரவில் யோசிப்பதுண்டு.

கேஜ் ஏன் பொய் சொன்னது

பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தவறு. கேஜ் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை நேராக அளப்பதில்லை. அது வால்வுக்கு இப்பால், ரெகுலேட்டரின் முதல் நிலையோடு, அதாவது சிலிண்டரில் மாட்டும் பகுதியோடு, இணைந்திருக்கிறது. யாரும் மூச்சு இழுக்காதபோது, வால்வு மயிரிழை திறந்திருந்தாலும் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும். கேஜ் 190 காட்டும். முழுக்க மூடிய பிறகும்கூட, குழாய்க்குள் அடைபட்ட காற்றால் முதல் மூச்சு வரை 190 என்றே காட்டிக்கொண்டிருக்கும். இழுக்கும்போதுதான் வால்வின் குறுகலான இடுக்கு வழியாகப் போதிய காற்று வர முடியாமல் இப்பால் அழுத்தம் சரியும், முள் ஆடும்.

அப்படியானால் ஏன் முதல் நாற்பது நிமிடம் சிக்கல் வரவில்லை? ஓர் இடுக்கின் வழியே பாயும் காற்றின் அளவு, பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தைப் பொறுத்தது. 190 பார் தள்ளும்போது அந்தக் கால் சுற்று இடுக்கே இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது. 80 பாருக்கு இறங்கியபோது பாய்ச்சல் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒருவர் அமைதியாக மூச்சுவிட அது போதும். பதற்றத்தில் இருவர் இழுக்க, ஜாக்கெட்டும் இழுக்கப் போதாது. இதே வால்வோடு கடலில் 25 மீட்டருக்குப் போயிருந்தால் ஒருவருக்கே போதாமல் போயிருக்கலாம். அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் நீர்மட்டத்தைப்போல் மூன்றரை மடங்கு காற்று வேண்டும்.

கால் சுற்று பின்னால் திருப்பும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. அன்றைய வால்வுகள் முழுக்கத் திறந்த நிலையில் இறுகிக்கொள்ளும் என்று பயந்தார்கள். இப்போதைய வால்வுகளுக்கு அது தேவையில்லை. முழுக்கத் திற, அல்லது முழுக்க மூடு, நடுவில் எதுவும் வேண்டாம் என்பதே இன்றைய நடைமுறை. எனக்கும் இது தெரியும். தெரிந்த தலையும் பழகிய கையும் ஒரே ஆள் இல்லை என்பதுதான் சிக்கல்.

தொங்கிக்கொண்டிருந்த ரெகுலேட்டர்

வால்வுக் கோளாறைக் கண்டுபிடித்ததும் கதை முடிந்தது என்று எல்லோரும் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அது பாதிதான். வால்வு என் தவறு. ஆனால் இடுப்போரம் தொங்கிய காற்றைப் புதியவர் எடுக்காதது யாருடைய தவறு?

அரை மணிக்கு முன்னால்தான் அதே ரெகுலேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு தேடி எடுத்தார். கைக்குத் தெரியும். அவரிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது காலி என்று நினைத்தேன் அண்ணா. காற்று இல்லை என்று பலகையில் எழுதியிருந்ததே."

பயிற்சியின் பாவனையை அவர் அவ்வளவு விசுவாசமாக ஏற்றுக்கொண்டிருந்தார். நாடகத்தில் இறந்தவன் மேடை தீப்பிடித்தாலும் எழுந்திருக்காத மாதிரி. நாம் திறன்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறோம். ரெகுலேட்டரைத் தேடுவது ஒரு பொட்டலம், காற்று வாங்குவது ஒரு பொட்டலம், மூச்சை விட்டுக்கொண்டே மேலே நீந்துவது ஒரு பொட்டலம். ஒன்று கைவிட்டால் அடுத்ததற்குத் தாவும் பாதையை யாரும் பழக்குவதில்லை. கூட்டாளியின் காற்று நின்றால் உன்னுடையதைத் தேடு, அதுவும் இல்லை என்றால் ஆஆஆ என்று ஒலித்தபடி மூச்சை விட்டுக்கொண்டே ஏறு, மேலே வந்ததும் எடையை விடு. இந்த வரிசை அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, தேர்வில் எழுதியிருப்பார். ஆனால் ஒரே மூச்சில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

மண்டியிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரிசையாக மண்டியிட வைத்துப் பயிற்சி கொடுப்பது பயிற்றுநருக்கு வசதி, எல்லோரும் கண்ணில் படுவார்கள். அதற்காகவே கூடுதல் எடை மாட்டிவிடுவதும் உண்டு. எனக்கு அதில் எப்போதுமே உடன்பாடு இல்லை. கடலில் காற்று தீரும்போது யாரும் மண்டியிட்டிருக்க மாட்டார்கள். மூத்தவர் இன்ஃப்ளேட்டரை அழுத்த வேண்டி வந்ததற்கே காரணம், மிதந்தபடி ஒரு கையால் காற்றைக் கொடுத்து மறுகையால் கூட்டாளியைப் பிடித்துப் பழகாததுதான். வால்வு சரியாக இருந்திருந்தால் அந்தத் தடுமாற்றம் வெளியே தெரியாமலே போயிருக்கும்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1992 முதல் 2003 வரை பொழுதுபோக்கு டைவிங்கில் நேர்ந்த 947 மரணங்களைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தது அது. எது தொடங்கிவைத்தது என்று கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறை. கருவிக் கோளாறு 15 சதவீதம்தான். ஆனால் தொடங்கிவைத்ததற்கும் உயிரைப் பறித்த காயத்துக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, சிக்கலை உயிராபத்தாக மாற்றிய செயல். அங்கே முதலிடத்தில் நிற்பது அவசரமாக மேலே ஏறியது, 55 சதவீதம். எங்கள் குளத்தில் நடந்ததை இதன்மேல் வைத்துப் பார்த்தால், கருவியில் ஒரு கோளாறு, அதனால் ஒரு காற்றுப் பற்றாக்குறை, அதனால் ஒரு பாய்ச்சல். வரிசை அப்படியே பொருந்துகிறது. கடைசிப் படி மட்டும் வரவில்லை.

எடையைக் கழற்றாததையும் நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இறந்து மீட்கப்படும் டைவர்களில் பெரும்பாலோர் எடையோடுதான் கிடைக்கிறார்கள். தலை தண்ணீருக்கு மேலே வந்தால் ஆபத்து முடிந்தது என்று உடம்பு நம்பிவிடுகிறது. கொக்கியை இழுத்தாலே மிதக்கலாம், ஆனால் இரண்டு கையும் தண்ணீரை அடிப்பதில் மும்முரமாக இருக்கின்றன. குளத்தில் எடையைக் கீழே போட்டால் தரை ஓடு உடையும் என்று போட விடுவதில்லை, தொட்டுக் காட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். தொட்டுக் காட்டிப் பழகிய கை, தொட்டுக் காட்டும். அவ்வளவுதான்.

என்ன மாற்றினோம்

சோதனையின் வரிசை மாறியது. இப்போது டைவர் பிரதான ரெகுலேட்டரில் நான்கு ஆழமான மூச்சு இழுக்கும்போதே கேஜைப் பார்க்கவேண்டும். முள் அசையக்கூடாது. ஆக்டோபஸிலும் அப்படியே. அப்புறம் ஜோடியாக, ஒருவர் பிரதானத்திலும் மற்றவர் ஆக்டோபஸிலும் ஒரே நேரத்தில் இழுத்து, நடுவில் இன்ஃப்ளேட்டரையும் ஒரு அழுத்து. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தச் சோதனை அன்று நடந்திருந்தால், அதுவும் நான் கை வைத்த பிறகு நடந்திருந்தால், முள் கரையிலேயே காட்டிக்கொடுத்திருக்கும்.

"பிறகு" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சோதனை முடிந்த கருவியை யாரும் தொடக்கூடாது. தொட்டால் சோதனை முதலிலிருந்து. உதவியாளராக இருந்தாலும் பயிற்றுநராக இருந்தாலும் இதே விதி. சந்தேகம் இருந்தால் வாயால் கேட்கலாம், கையால் கேட்கக்கூடாது.

முன்னறிவிப்பில்லாத பயிற்சியை விடவில்லை. நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார், எனக்கு அது காய்ச்சல் வருகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரிப் பட்டது. அதற்குப் பதில் ஜோடிக்கு ஒரு காவல் டைவர், கை எட்டும் தூரத்தில், கொஞ்சம் மேலே. அவர் கையில் நீட்டத் தயாராக ஒரு ரெகுலேட்டர். சிக்கலைக் கொடுக்கும் முன் இரண்டு பேரின் கேஜையும் அவர் பார்க்கவேண்டும், 100 பாருக்குக் கீழே இருந்தால் கொடுக்கக்கூடாது. பாவனை முடிந்தது, இது நிஜம் என்று காட்டத் தனியாக ஒரு சைகையும் வைத்தோம். பதறியவர் எந்தச் சைகையையும் காட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். அது பதறாதவருக்காக.

பொட்டலங்களை அவிழ்த்தோம். இப்போது காற்று வாங்கிய ஐந்து மூச்சுக்குப் பிறகு காவல் டைவர் அந்த ஆக்டோபஸையும் வாயிலிருந்து மெல்ல எடுத்துவிடுவார். அப்போது தன் ரெகுலேட்டரைத் தேடவேண்டும், தேடும் நேரம் முழுக்கச் சிறு குமிழிகள் வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கவேண்டும். குமிழி நின்றால் பயிற்சி நின்றுவிடும். இதை முதலில் நிற்கும் ஆழத்தில், அப்புறம்தான் ஆழமான முனையில். மேலே வந்ததும் எடையை நிஜமாகவே அவிழ்த்துக் கரையில் இருப்பவரிடம் நீட்டவேண்டும். ஓடு உடையாது.

குளத்தால் முடியாததும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளத்தில் சரியாக இருக்கும் எடை கடலில் போதாது. உப்பு நீர் இரண்டரை முதல் மூன்று சதவீதம் கூடுதலாகத் தூக்கும், கருவியோடு நூறு கிலோ இருப்பவருக்கு அதுவே இரண்டரை, மூன்று கிலோ. கலங்கிய நீரும் நீரோட்டமும் தடித்த கையுறையும் குளத்தில் கிடையாது. மேலே ஏறும் பயிற்சியைக் குளத்தில் செங்குத்தாகச் செய்யாமல் கிடைமட்டமாக ஒன்பது மீட்டர் நீந்திச் செய்வதற்குக் காரணம், மேலே கணக்குப் போட்ட அதே 1.37.

இரண்டு வாரத்துக்குப் பின்

அதே ஜோடி, அதே குளம். புதியவர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வந்தார். முதல் முறை ஆக்டோபஸ் வாயிலிருந்து போனதும் கண்கள் விரிந்தன, கை மேலே போனது, காவல் டைவர் நீட்டியதை வாங்கிக்கொண்டார். இரண்டாம் முறை தன்னுடையதைத் தேடினார், ஆனால் குமிழி நின்றுவிட்டது. மூன்றாம் முறை தோள் சாய்ந்தது, கை சுழன்றது, குமிழி நிற்கவில்லை. நான்காவது முறை அவரே கேட்டுச் செய்தார். மூத்தவர் தன் பங்குக்கு, கீழே இறங்காமல் காற்று கொடுக்க அன்று முழுவதும் பழகினார். இன்ஃப்ளேட்டரை ஒரு தடவைதான் தொட்டார்.

அடுத்த ஜோடி இறங்கத் தயாரானது. புதியவரும் இரண்டாவது சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமாகப் போனேன். கை தானாக அவர் தோளுக்கு மேலே எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, ரெகுலேட்டரை வாயில் வைத்து, கேஜைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து நான்கு மூச்சு இழுத்தார்.